கதையைப் படிக்க எழுத்தாளரின் ஜாதகம் எதற்கு?

நூலகப்பூனை:

எரிச்சலில்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். பெயர் வேண்டாம், எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. முதல் கதையைத் தொடுவதற்குள் முன்னுரை, என்னுரை, நேர்காணல் என்று வாசல் வாசலாகத் தாண்ட வேண்டியிருந்தது. அப்பா என்ன வேலை பார்த்தார், எந்த வயதில் வீட்டை விட்டுப் போனார், யாரைப் படித்து எழுத வந்தார், எழுதாத நேரத்தில் என்ன செய்கிறார், எல்லாம் இருக்கிறது. அப்புறம் கதைக்குள் போனால், ஒரு பையன் அப்பாவின் சட்டைப்பையில் கை விடுகிறான். அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை. எழுத்தாளரைத்தான் பார்த்தேன். ‘ஓ, நேர்காணலில் சொன்ன அந்தச் சமாச்சாரம்’ என்று மனது தானாகக் கணக்குப் போடுகிறது. நல்ல கதை, எனக்கு வீணாகப் போனது.

என் கட்சி இதுதான். எழுத்தாளரின் பின்னணி, அவரைப் பாதித்தவர்கள், அவருடைய மற்ற வாழ்க்கை எதுவும் வாசிப்புக்கு உதவாது. கெடுக்கும். குறுந்தொகையின் 40ஆவது பாட்டைப் பாடியவர் யார்? தெரியாது. செம்மண்ணில் விழுந்த மழைநீர் என்ற உவமையையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று வைத்துக்கொண்டோம். ஊர் தெரியாது, தொழில் தெரியாது. அந்தப் பாட்டுக்கு இதனால் என்ன குறைந்துபோயிற்று?

கூலவாணிகன்:

பூனையாரே, வணக்கம். சங்கப் பாட்டை இழுத்தீர்கள், சரி. பாதியில் விடாதீர்கள்.

என் புனைபெயரைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரிடம் கடன் வாங்கியது. தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மருத்துவன் தாமோதரனார் இருக்கிறார், தங்கால் பொற்கொல்லனார் இருக்கிறார். பாட்டோடு ஊரையும் தொழிலையும் சேர்த்தே கட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத இடத்திலும் சும்மா விட மனசில்லாமல்தான் பாட்டிலிருந்தே ஒரு பெயரைக் கிள்ளி ஒட்டியிருக்கிறார்கள். பாடியது யார் என்ற ஆசை அவ்வளவு பழையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர். 1908இல் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, 1922இல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் கிடைக்கிறது. மரம் இழைக்கும் இயந்திரத்தைப் பற்றியது. கத்திகளைச் சதுரத் தண்டில் பொருத்தினால், தண்டுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. மரம் துள்ளினால் கை அதற்குள் போய்விடும். உருளைத் தண்டாக இருந்தால் விரல் உள்ளே போக வழியில்லை. இதைப் படம் போட்டு, வெட்டுப்பட்ட விரல்களையும் வரைந்து காட்டி, ஒரு குரல் உயர்த்தாமல் விளக்கியிருக்கிறார்.

1914இல் அவர் எழுதிய ஒரு கதையில், கைதியின் உடம்பில் ஊசியால் தீர்ப்பை எழுதும் இயந்திரம் வரும். ஓர் அதிகாரி அதன் பாகங்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, கொஞ்சம் பெருமையாகக்கூட விளக்குவார். முதல்முறை படித்தபோது அதை வெறும் கெட்ட கனவு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இழைப்பு இயந்திர அறிக்கையைப் படித்த பிறகு, அந்தக் குரல் எந்த மேசையிலிருந்து வருகிறது என்று காதில் விழுந்தது. கதை எனக்குச் சின்னதாகவில்லை. பயம் அதிகமாயிற்று.

இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்க வேண்டுமா நான்?

நூலகப்பூனை:

கூலவாணிகன் ஐயா, பாட்டுக்குள்ளிருந்து பெயரை எடுத்தார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்து எடுக்கவில்லை. நான் கேட்பதும் அதுதான்.

அப்புறம் காஃப்கா. அந்த நிறுவனத்தில் எத்தனை எழுத்தர்கள், எத்தனை வழக்கறிஞர்கள் இருந்திருப்பார்கள்! எல்லோரும் அதே கோப்புகளைத்தான் புரட்டினார்கள், அதே விரல்களைத்தான் எண்ணினார்கள். எழுதியது ஒருவர். அப்படியானால் அந்த வேலை எதை விளக்குகிறது? பொதுவான ஒன்றை வைத்துத் தனியான ஒன்றை விளக்கப் பார்க்கிறீர்கள். மதியம் 2 மணிக்கு அலுவலகம் முடிந்ததும் தூங்கி எழுந்து ராத்திரியில் எழுதிய மனிதர் அவர். 1912 செப்டம்பரில் ஒரு கதையை இரவு 10 மணிக்குத் தொடங்கி விடிகாலை 6 மணிக்கு, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் முடித்தார். வேலை அவருக்குச் சுரங்கம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நாட்குறிப்பைப் பார்த்தால் சிறை மாதிரித்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். மௌனி. கணிதம் படித்தவர், அரிசி ஆலை நடத்தியவர். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள். அதில் எங்கே நெல், எங்கே தவிடு, எங்கே ஆலைச் சங்கு? காட்டுங்கள், நான் திரியை மூடிவிட்டுப் போகிறேன்.

இரவுப்பணி:

உள்ளே வரலாமா? நான் பெரிய வாசகன் இல்லை. ராத்திரி வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் எழுதிப் பழகுகிறவன். அதனால் இந்த ‘எழுத்துக்கு வெளியே வாழ்க்கை’ விஷயத்தை நான் வேறு காரணத்துக்காகப் படிக்கிறேன். கதையைப் புரிந்துகொள்ள இல்லை. இப்படியும் பிழைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள.

டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அவருடைய புகழ்பெற்ற நீள்கவிதை 1922இல் வந்தது, அதாவது வங்கிக் காலத்தில். பாவம் இந்தக் கவிஞர் என்று நண்பர்கள் பணம் திரட்டி அவரை வேலையிலிருந்து மீட்கப் பார்த்தார்கள். அவருக்கு அது தர்மசங்கடமாகப் போயிற்று. கடைசியில் வேலையை விட்டார், எங்கே போனார்? ஒரு பதிப்பக அலுவலகத்துக்கு! மறுபடியும் மேசை, நாற்காலி.

ஆந்தனி ட்ரோலோப் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். விடிகாலை 5.30க்கு மேசையில் இருப்பார். எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். எதிரே கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். இப்படியே 47 நாவல். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த தைரியத்தை எந்தக் கதையும் தந்ததில்லை. பூனை ஐயா இதையும் எடுத்துவிடச் சொல்கிறாரா?

நூலகப்பூனை:

இரவுப்பணி தம்பி, நல்ல ஆளைக் கொண்டுவந்தீர்கள். அந்தக் கடிகாரக் கதை அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. 1883இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது? ‘ஓகோ, இவர் எழுதியது இப்படியா, கடிகாரம் பார்த்தா?’ என்று அவர் மதிப்பு சரிந்தது. நாவல்களில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எழுதிய விதம் தெரிந்துபோனது, அவ்வளவுதான். உங்களுக்குத் தைரியம் தந்த அதே தகவல், அவருடைய நாவல்களுக்கு வினையாக முடிந்தது.

எழுதப் பழகுகிறவருக்குத் தொழில் ரகசியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது பட்டறைப் பேச்சு. வாசகனுக்கு எதற்கு?

தீக்குச்சி:

எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் 1920இல் நோபல் வாங்கினார். 1943இல் அந்தப் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கெபெல்ஸுக்கே பரிசாகக் கொடுத்தார். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரைப் படிக்கலாமா? வாழ்க்கை வேண்டாம் என்பது அயோக்கியர்களுக்கு வசதியான தத்துவம்.

மட்டுறுத்துநர்:

தீக்குச்சி, நியாயமான கேள்வி, ஆனால் தனித் திரி போட வேண்டிய கேள்வி. இங்கே அது வந்தால் மற்ற எல்லாம் எரிந்துபோகும். பெயருக்கு ஏற்ற வேலையை வேறு இடத்தில் செய்யுங்கள்.

கூலவாணிகன்:

வீட்டுப்பாடத்துக்கு விடை: மௌனியிடம் ஆலை இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் வாழ்க்கை கதைக்குள் வருவது என்றால் நெல் நெல்லாகவே வர வேண்டும் என்று யார் சொன்னது? எழுத்தாளரின் மற்ற வாழ்க்கை அவருக்குக் கதைப்பொருளைத் தருகிறது என்று நான் சொல்லவே இல்லை. உட்காரும் இடத்தைத் தருகிறது என்கிறேன். எங்கிருந்து பார்க்கிறார், எவ்வளவு தூரத்திலிருந்து, யாரும் கவனிக்காத மூலையிலிருந்தா, மேடையிலிருந்தா. அது எழுத்தில் படியாமல் போகாது.

நம்மவர் ஒருவரையே சொல்கிறேன். அசோகமித்திரன் 1950களிலும் 60களிலும் ஜெமினி ஸ்டுடியோவில் இருந்தவர். அங்கே அவருடைய வேலை என்ன தெரியுமா? செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. அவரே எழுதியிருக்கிறார். நாள் முழுக்கப் பேப்பரைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, இவருக்கு வேலையே இல்லை என்று தோன்றியிருக்கிறது. அதனால் வருகிறவர் போகிறவர் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்து தங்கள் மனக்குறையைக் கொட்டுவார்கள், அல்லது புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு அவருடைய எந்தக் கதையையும் படித்துப் பாருங்கள். சினிமாக் கதையாக இருக்க வேண்டியதில்லை. அவர் கதைசொல்லிகள் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பவர்கள். யாரும் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை, அதனாலேயே எல்லாம் அவர்கள் காதில் விழுகிறது. தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். யாராவது அழுதால்கூட, அந்த அறையில் விசிறி ஓடியதா இல்லையா என்றுதான் முதலில் சொல்வார்கள். கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நீங்கள் சொன்னால், சொல்லிக்கொள்ளுங்கள்.

நூலகப்பூனை:

அழகாகச் சொல்கிறீர்கள், அதுதான் ஆபத்து. ஓரத்தில் நிற்கும் குரலைக் கதையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். கத்தரிக்கோல் தெரியாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பீர்கள். பிறகு கத்தரிக்கோல் எதற்கு? சான்றிதழா? தவிர, அந்தக் காட்சி நமக்கு எங்கிருந்து வந்தது? அவரே எழுதியதிலிருந்து. அவருடைய கதைகளைப் போலவே அதுவும் நறுக்கென்று, நகைச்சுவையாக எழுதப்பட்டது. கதையை விளக்க நீங்கள் கொண்டுவந்தது இன்னொரு கதை!

வெயில்மகள்:

இவ்வளவு நேரம் ஆண்களின் அலுவலகங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, நான் வருகிறேன்.

என் கதைகள் சில சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. கணவனை விட்டுப் போகும் ஒருத்தியைப் பற்றி ஒன்று எழுதினேன். கதை வந்த வாரமே உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மெதுவான குரலில், ‘வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டார். வேறொரு கதையில் கிழவர் ஒருவர் கொலை செய்வார். அதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் ‘யாரையாவது கொன்றாயா’ என்று கேட்கவில்லை. பெண் எழுதும் குடும்பம் என்றால் அது வாக்குமூலம், மற்றதெல்லாம் கற்பனை. இந்த ‘பின்னணி’ என்ற தேடல் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆங்கில எழுத்தாளர்களான பிராண்டி சகோதரிகள் 1846இல் கவிதைத் தொகுப்பு போட்டபோது கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்று ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர்களில் போட்டார்கள். பெண் எழுத்து என்றால் முன்முடிவோடு பார்ப்பார்கள் என்று தோன்றியதால்தான் அப்படி என்று அவர்களில் ஒருவரான சார்லட் பின்னால் எழுதினார். இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். எலெனா ஃபெரான்டே என்ற புனைபெயரில் எழுதும் இத்தாலிய எழுத்தாளர், முதல் நாவல் வரும் முன்பே தன் பதிப்பாளரிடம், புத்தகம் எழுதி முடித்த பிறகு அதற்கு ஆசிரியர் தேவையில்லை, நான் எதற்கும் வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2016இல் ஒரு பத்திரிகையாளர் பணப் பரிவர்த்தனைகளையும் சொத்து ஆவணங்களையும் துருவி, இவர்தான் அவர் என்று ஒரு பெயரை அறிவித்தார். வாசகர்களில் பெரும்பகுதி அவர் மேல்தான் கோபப்பட்டது. நாங்கள் கேட்டோமா?

கூலவாணிகன் சார், கத்தரிக்கோல் காட்சி எனக்கும் பிடித்திருக்கிறது. அதை அசோகமித்திரன் தானாகக் கொடுத்தார். கொடுக்காததை எடுப்பது வேறு. உங்கள் வாதத்தில் அந்தக் கோடு எங்கே என்று தெரியவில்லை.

கூலவாணிகன்:

வெயில்மகள், அந்தக் கோட்டை நீங்கள் போட்ட இடத்திலேயே நானும் போடுகிறேன். எழுதியவர் தராததைத் தோண்டுவது வாசிப்பு இல்லை, வம்பு. உறவினர் தொலைபேசியும் அந்த வகைதான்.

ஆனால் பூனையார் அந்தக் கோட்டோடு நிற்கவில்லையே. தந்ததையும் வேண்டாம் என்கிறார். நூலுக்குப் பின்னால்கூட வாழ்க்கைக் குறிப்பு இருக்கக் கூடாது என்பார் போல.

நூலகப்பூனை:

பின்னால் இருக்கட்டும், பொடி எழுத்தில். முன்னால் வேண்டாம்.

வெயில்மகள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுத்தாளர் தானாகத் தருவதும் அப்படியே நம்பத் தகுந்ததல்ல. ‘உங்களைப் பாதித்தவர்கள்?’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு மனப்பாடம். இரண்டு ரஷ்யர், ஒரு லத்தீன் அமெரிக்கர், உயிரோடில்லாத ஒரு தமிழர். உயிரோடிருக்கும் போட்டியாளரின் பெயர் மட்டும் வராது. பாதிப்புப் பட்டியல் என்பது நான் எந்தப் பந்தியில் உட்கார விரும்புகிறேன் என்பதற்கான விண்ணப்பம்.

இரவுப்பணி:

சிரித்துவிட்டேன். ஆனால் எல்லோரும் அப்படிச் சொல்வதில்லையே. கொலம்பிய நாவலாசிரியர் மார்க்வெஸ் காஃப்காவையும் சொன்னார், தன் பாட்டியையும் சொன்னார். பேய், அதிசயம் எல்லாவற்றையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், நேற்று நடந்ததுபோலச் சொல்வாராம் பாட்டி. 1967இல் வந்த அந்தப் பெரிய நாவலுக்குப் பாட்டியின் அந்தத் தொனியைப் பிடித்த பிறகுதான் வழி திறந்தது என்று சொல்லியிருக்கிறார். இது விண்ணப்பமா? பாட்டியைச் சொல்லி எந்தப் பந்தியில் இடம் பிடிக்க முடியும்?

கி.ராவும் அப்படித்தானே. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றவர். அவருக்குப் பாடம் சொன்னது சம்சாரிகள், அதாவது விவசாயிகள் பேச்சு. அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தார். புத்தகத்திலிருந்து வராத பாதிப்பு ஒன்று இருக்கிறது, அதை எழுத்தாளர் வாயால் சொன்னால்தான் நமக்குத் தெரியும். கதையில் தேடினால் அகப்படாது.

நூலகப்பூனை:

தம்பி, மழை வாசகம் எவ்வளவு கச்சிதம் பார்த்தீர்களா? அதுவே ஒரு கி.ரா கதை. பாட்டி விஷயமும் அப்படியே. நான் அவற்றை ரசிக்கிறேன். ஆனால் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வெயில்மகள்:

பூனையார் எதை எடுத்தாலும் ‘அதுவும் கதைதான்’ என்று முடித்துவிடுகிறார். இதில் தோற்கவே முடியாது, நல்ல வசதி.

இன்னொரு விஷயம். எழுத்தாளருக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்தால் அது எழுத்துக்குத் தீனியாக வேண்டும் என்று ஏன் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம்? நாவலாசிரியர் நபக்கோவ் 1940களில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தார். ஒரு வகை நீல வண்ணத்துப்பூச்சிகள் ஆசியாவிலிருந்து அலை அலையாக அமெரிக்கா வந்திருக்க வேண்டும் என்று 1945இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 2011இல் மரபணு ஆய்வு அதைச் சரி என்றது. இதை நாவலோடு முடிச்சுப் போட நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவர் பூச்சிக்காகவே பூச்சியைப் பார்த்தார் என்றுதான் தோன்றுகிறது.

ரஷ்ய எழுத்தாளர் செக்கோவும்தான். 1890இல் ரஷ்யாவின் கைதிகள் தீவான சகாலினுக்குப் போய், அங்கிருந்த கைதிகளையும் குடியேறிகளையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, சுமார் 10,000 அட்டைகளை நிரப்பினார். கதைப்பொருள் தேடியா போனார்? கதை கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவர் மருத்துவர், அங்கே ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார். நான் செடி வளர்க்கிறேன். அது என் கதையில் வராது. வந்தால் பிடுங்கிவிடுவேன்.

கூலவாணிகன்:

சகாலினை வைத்து எனக்கு எதிராகப் பேச முடியாது, அம்மா. ஒவ்வொரு குடிசையாக நுழைந்து பெயர், வயது, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு அட்டை நிரப்பியவரின் கதைகளில், நோயாளி ஏழையா பணக்காரரா என்பதற்கு முன்னால் அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது வருகிறது என்றால், அதே கண் என்றுதான் நான் சொல்வேன். தீனி என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. கண் என்கிறேன்.

மட்டுறுத்துநர்:

நீங்கள் மூன்று பேரும் ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டீர்கள். ஒரு யோசனை. வரும் ஞாயிறு ஒரு சிறுகதையைப் பெயர், ஆண்டு, இதழ் எதுவும் இல்லாமல் இங்கே போடுகிறேன். காப்புரிமை தீர்ந்த கதை, அதிகம் பேசப்படாதது. கூலவாணிகன், எழுதியவர் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்று கதையை மட்டும் வைத்துச் சொல்லுங்கள். பூனையார், கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். வெயில்மகள், எழுதியது ஆணா பெண்ணா என்று யாராவது ஊகித்தால் கேள்வி கேளுங்கள்.

கூலவாணிகன்:

ஒப்புக்கொள்கிறேன். வரலாற்றுக் காலம் மட்டும் சொல்லுங்கள். போருக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாவிட்டால் விலைவாசியை வைத்து நான் ஏமாந்துபோவேன்.

நூலகப்பூனை:

காலமும் சொல்லக் கூடாது. ஏமாறுங்கள், பார்க்கலாம்.

இரவுப்பணி:

ஞாயிறு எனக்கு வேலை. திங்கள் காலை வந்து படிக்கிறேன், அதற்குள் யாரும் விடையை உடைத்துவிடாதீர்கள். பெயரைக் கடைசியிலாவது சொல்வீர்கள்தானே?

நூலகப்பூனை:

சொல்ல வேண்டாம் என்று மட்டுறுத்துநரிடம் தனிமடலில் கேட்டிருக்கிறேன்.

வெயில்மகள்:

சொல்லுங்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து. அதற்குள் கூலவாணிகன் சார் கதையின் ஒரு வரியை இணையத்தில் போட்டுத் தேடிவிடுவார், பந்தயம்.

கூலவாணிகன்:

ஒரு வாரமா! அவ்வளவு நாள் எதற்கு?